மேலேறும் வண்டிக்கு

கோத்தகிரியில் ஐந்து நாற்பதுக்கு எடுக்கும்
மேட்டுப்பாளையம் வண்டிக்கு நான் கண்டக்டர்.
ஒரு விசில் அடித்தால் நிறுத்தம்,
இரண்டு அடித்தால் போகலாம்.
எனக்குக் கொடுத்த சங்கீதம் அவ்வளவுதான்.

மிச்சத்தை நானே எடுத்துக்கொண்டேன்.
டிக்கெட் மெஷினின் தீர்ந்துபோகும் சுருளில்
ஐந்து கோடு போட்டு எழுதினேன்.
சூடு பட்டால் கறுக்கும் தாள் என்று மறந்து
என்ஜின் மூடிமேல் வைத்ததில்
அரவேனு தாண்டுவதற்குள்
எட்டு அளவுகள் இரவாகிவிட்டன.
பிறகு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

மெட்டு எனக்கு வந்தது.
படிப்படியாக ஏறு,
ஒரே ஒரு இடத்தில் தாவு,
தாவிய பின் திரும்பி ஓரடி இறங்கு,
உச்சியை ஒரு தடவைதான் தொடு.
தபாலில் வந்த பாடம் இதைச் சொன்னபோது
இந்த ரோட்டை யாரோ
ஓரமாக உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள்
என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது குரல்தான் வரவில்லை.
முதல் குரல் ஏறினால் அதுவும் ஏறியது,
இறங்கினால் இறங்கியது,
திருவிழாக் கூட்டத்தில்
அம்மா முந்தானையைப் பிடித்த பிள்ளை மாதிரி.
நோட்டு திரும்பி வந்தது.
அடுத்தடுத்து ஐந்தாம் சுரங்கள் என்று
சிவப்புப் பென்சிலில் ஒன்பது சாய்கோடுகள்.
அடியில் ஒரு வரி:
“இங்கே இரண்டு பேர் இல்லை.
ஒருவரும் அவர் நிழலும்தான்.”

கோபம் வந்தது. குன்னூர் டிக்கெட் கேட்டவரை
வேறு வண்டி பாருங்கள் என்று
கொஞ்சம் கத்தியே சொல்லிவிட்டேன்.

குஞ்சப்பனைக்கு மேல், பனி,
முகப்பு விளக்கு பத்தடிக்கு மேல் போகாது.
கீழேயிருந்து ஒரு சிமென்ட் லாரி.
டிரைவர் போஜன் ஓரமாக ஒதுங்கி நிறுத்தினார்.
இடதுபக்கச் சக்கரத்துக்குக் கீழே
பலாமரங்களின் உச்சி.
“மேலே ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி,
அவன் நின்னா மறுபடி எடுக்க முடியாது” என்றார்,
யாரும் கேட்காமலே.
லாரி முக்கி முனகி எங்களைத் தாண்டி மேலே போனது.
நாங்கள் நின்றோம்.
அது போனதும் இறங்கினோம்.

அன்று ராத்திரி
ஒரு குரலை ஒரே சுரத்தில் நிற்கவைத்தேன்.
மற்றது அதைக் கடந்து போனது.
அடுத்த அளவில் இது இறங்க, அது ஏற,
நடுவில் முதல் தடவையாகக் காற்று.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும்
தயாமணியிடம் கொடுத்தேன்.
பாடகர் குழுவில் ஆல்ட்டோ,
அரசு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி,
கண் சிவந்திருந்தது.
முணுமுணுத்துப் பார்த்தாள்.
“தப்பில்ல. ஆனா நான் மூச்சு எங்கே விடுறது?”
விதிகளில் அது இல்லை என்றேன்.
“உங்க பஸ்கூட அரவேனுல நிக்குது” என்றாள்.

ஏழாவது அளவை ரப்பரால் அழித்தேன்.
அவள் நிறுத்திய அந்த இடத்தில்
கீழ்க்குரல் தனியே நடந்து போனது.
மூன்று மாதமாக நான் எழுதிய மெட்டு.
அது இப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

முடிவு சரியாக வந்தது:
ரே இறங்கி டோ, டீ ஏறி டோ,
எதிரெதிரே வந்து ஒரே வாசலில்.
ஆனால் பதினோராவது அளவில்
தூக்கத்திலோ என்னவோ,
நான் எழுதியதை விட்டுவிட்டு
ஐந்தாம் சுரத்தின்பின் ஐந்தாம் சுரமாகப் பாடிவிட்டாள்.
நிழல்.
அதுவும் கேட்பதற்கு
ஒரே குடைக்குள் இரண்டு பேர் போவதுபோல.

திருத்தித்தான் அனுப்பவேண்டும்.
தேர்வு வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும்.
பென்சில் காதில் இருக்கிறது,
நோட்டு மடியில் திறந்திருக்கிறது,
பதினோராவது அளவு
அவள் பாடியபடியே.

போஜன் ஸ்டார்ட் செய்துவிட்டார்.
படியில் இன்னும் ஒருவர், கையில் கேரட் மூட்டை.
ஏறட்டும்.

இரண்டு விசில்.